பக்கத்து மனைக்காரர் ஒரு அடி உள்ளே வந்து வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டிவிட்டார், என்ன செய்யலாம்?

கொய்யாமரம் | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருச்சியை ஒட்டிய ஓர் ஊராட்சியில், 1990-களில் போட்ட மனைப்பிரிவில் இருக்கிறது. எங்களுடையது மனை எண் 3. பத்திரத்தில் "கிழமேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 60" என்று இருக்கிறது. சரியாக ஒரு கிரவுண்டு. மேற்குக் கோடியில் குறுக்குத் தெரு, அதை ஒட்டி மனை 1, அடுத்து மனை 2, அப்புறம் நாங்கள், எங்களுக்குக் கிழக்கே மனை 4.

2004-ல் அப்பா மேற்குப் பக்கம் கல்தூண் நட்டுக் கம்பிவேலி போட்டார். கிழக்கே 2006-ல் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினார். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது.

மனை 2 இத்தனை நாளும் கருவேலம் முளைத்துக் கிடந்தது. போன வருடம் ஒருவர் வாங்கினார். வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் மூன்று கல்தூணைப் பிடுங்கிச் சாய்த்துவிட்டு, எங்கள் பக்கம் ஒரு அடி உள்ளே வந்து வானம் தோண்டியிருக்கிறார்கள். அப்பா வைத்த கொய்யாவின் வேர் பாதி போய்விட்டது. கேட்டதற்கு, "என் பத்திரத்திலும் 40 அடிதான் சார். மனை 1 சுவரிலிருந்து டேப் பிடித்தால் உங்கள் வேலி வரைக்கும் 39 தான் வருகிறது. என் ஒரு அடி உங்களிடம்தானே இருக்கிறது?" என்றார். நானும் பேசினேன், அவரும் பேசினார். பேசக் கூடாத வார்த்தையெல்லாம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கான்கிரீட் போடப் போகிறாராம். போலீசுக்குப் போவதா, ஸ்டே வாங்குவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 9.32

இரவோடு இரவாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் தூணை மறுபடியும் நடுங்கள். அவர் கேட்டா தோண்டினார்? அனுபவத்தில் இருப்பவருக்குத்தான் பலம்.

---

மூன்றாம்கட்டு | ஞாயிறு, இரவு 9.50

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டுக் கதை அப்படித்தான் ஆரம்பித்தது. எங்களுக்கும் சித்தப்பா முறை உள்ள ஒருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டடிச் சந்து. அவர்கள் ஒரு கல் நட்டார்கள், எங்கள் அப்பா ராத்திரியில் பிடுங்கிப் போட்டார். மறுநாள் இரண்டு பக்கமும் புகார், அப்புறம் வழக்கு. முன்சீப் கோர்ட், மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று 14 வருடம். அத்தனை வருடமும் அந்தச் சந்தில் யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு. சாக்கடை அடைத்துக்கொண்டால் எடுக்க முடியாது. மழைக்காலத்தில் இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. தீர்ப்பு வந்தபோது இரண்டு பெரியவர்களுமே உயிரோடு இல்லை. எங்களுக்குத்தான் சாதகமான தீர்ப்பு. அந்தச் சந்தைப் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

---

செங்கல்சூளை | ஞாயிறு, இரவு 10.15

நான் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். சட்டம் மற்றவர்கள் சொல்லட்டும், முதலில் கான்கிரீட் நிற்க வேண்டும். வெறும் பள்ளமாக இருக்கும்வரை எல்லாரும் நியாயம் பேசுவார்கள். கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் யாருக்கும் மனது வராது, நீதிமன்றத்துக்கே இடிக்கச் சொல்லத் தயக்கம் வரும்.

இன்னொன்று. எல்லையை ஒட்டிக் காலம் (கான்கிரீட் தூண்) எழுப்பினால் அதன் ஃபுட்டிங் (மண்ணுக்குள் இருக்கும் அடித்தளம்) காலத்தைவிட எல்லாப் பக்கமும் அகலமாக இருக்கும். நான்கடிக்கு நான்கடி ஃபுட்டிங்கின் நடுவில் காலம் நின்றால், மேலே சுவர் எல்லைக்குள் இருந்தாலும் மண்ணுக்குக் கீழே ஒன்றரை அடிக்கு மேல் உங்கள் மனைக்குள் வந்துவிடும். எல்லையோரக் காலத்துக்கு ஃபுட்டிங்கை ஒரு பக்கமாகத் தள்ளிப்போட்டு, உள்பக்கக் காலத்தோடு பீம் கொடுத்து இணைக்க வேண்டும். அவருடைய பொறியாளர் அதைச் செய்கிறாரா என்று கேளுங்கள். சன்ஷேடு எங்கே முடிகிறது என்றும் வரைபடத்தில் பாருங்கள். பலர் சுவரை மட்டும் பார்த்துவிட்டு இவை இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

நாளைக் காலையில் நேரில் போய் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். ஆட்கள் சும்மா இருக்கும் கூலியில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டேக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

---

சங்கிலிக்காரன் | ஞாயிறு, இரவு 11.05

31 வருடம் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரியைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. "மனை 1 சுவரிலிருந்து டேப் பிடித்தால்." இந்த நாட்டில் பாதி எல்லைத் தகராறு இந்த ஒரு வேலையில்தான் பிறக்கிறது. சுவரைக் கட்டியது கொத்தனார். அவர் எங்கிருந்து அளந்தார் என்று யாருக்குத் தெரியும்? அவர் பக்கத்துச் சுவரிலிருந்து அளந்திருப்பார், அதைக் கட்டியவர் அதற்கு முந்தைய சுவரிலிருந்து. ஒரு தெருவில் முதல் வீடு அரை அடி நகர்ந்தால் கடைசி வீடுவரை அந்த அரை அடி ஓடும். கடைசி மனைக்காரர் கட்டும்போதுதான் அது வெடிக்கும்.

கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும். மனைப்பிரிவின் மூலைக்கல், அது இல்லாவிட்டால் புலத்தின், அதாவது சர்வே எண் கொண்ட நிலத்துண்டின், சர்வே கல். தெரு போட்டபோது மண்ணுக்குள் போயிருக்கும், இரண்டு மூன்று அடி தோண்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதையும் ஒரு கல்லை மட்டும் நம்பி அளக்கக் கூடாது. மேற்கே ஒரு கல்லிலிருந்தும் கிழக்கே ஒரு கல்லிலிருந்தும் அளந்து வந்து, நடுவே இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

புலப்படத்தை இணையத்தில் இறக்கி, அச்சடித்து, ஸ்கேல் வைத்து அளக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வேண்டாம். 1:1000 அளவுள்ள படத்தில் 0.3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கோடு தரையில் 30 சென்டிமீட்டர். அதாவது உங்கள் சண்டை முழுவதும் அந்தக் கோட்டின் மைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. படத்தில் எழுதியிருக்கும் எண்தான் அளவு, வரைந்திருக்கும் கோடு அல்ல. கைபேசியில் நிலத்தைச் சுற்றி நடந்து அளக்கும் செயலியும் அப்படியே. நல்ல வெட்டவெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். விவசாய நிலத்தின் பரப்பைத் தோராயமாக அறியச் சரி, வீட்டுச் சுவருக்கு உதவாது.

தாலுகா சர்வேயர் வந்து எல்லை காட்ட மனு போடுங்கள். எஃப்-லைன் மனு என்று சொன்னால் புரியும். புலத்தின் எல்லைக்கோட்டுக்கு அதுதான் பெயர். தமிழ்நிலம் இணையதளத்திலேயே கட்டணம் கட்டி மனு போடலாம். பக்கத்து மனைக்காரர்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அவர் வரும் நாள் தள்ளிப்போனால், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தனியார் சர்வேயரை வைத்து அளந்து, அப்புறம் அரசு அளவையில் உறுதி செய்துகொள்ளலாம். "இரண்டு பேரும் சேர்ந்து" என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் தனியாகக் கூட்டிவரும் சர்வேயரை அவர் நம்ப மாட்டார், அவர் கூட்டிவருபவரை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் மனையின் அகலத்தை, வேலியிலிருந்து கிழக்குச் சுவர்வரை, நீங்களே எப்போதாவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?

---

கொய்யாமரம் | திங்கள், காலை 7.40

ஐயா, இல்லை. இப்போதுதான் நானும் மனைவியும் டேப் பிடித்தோம். தெருப்பக்கம் 40 அடி 9 அங்குலம். பின்பக்கமும் அதே. மூன்று முறை அளந்துவிட்டேன்.

அப்படியானால் அவர் சொல்வது சரியா? அவருக்கு 39, எனக்குக் கூடுதலாக முக்கால் அடி. அப்பா அடுத்தவர் மண்ணில் ஒரு பிடி எடுக்கிற ஆள் இல்லை. பழைய மனைக்கல் இருந்த இடத்தில்தான் தூண் நட்டேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

செங்கல்சூளை சார் சொன்னபடி ஆறு மணிக்கே அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் வெள்ளிக்கிழமை பேசியதற்கு வருத்தம் சொன்னேன். அவரும் தூணைப் பிடுங்கியது தப்பு என்றார். ஒரு வாரம் கான்கிரீட் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

---

சங்கிலிக்காரன் | திங்கள், காலை 8.20

அவசரப்பட்டு அவர் சொல்வது சரி என்று முடிவு கட்டாதீர்கள். அவருக்குக் குறைகிறது, உங்களிடம் கூடுகிறது, ஆகவே அவருடையது உங்களிடம் வந்துவிட்டது என்று மனது கணக்குப் போடும். அவருக்குக் குறைவது மேற்கே மனை 1-ஆல் இருக்கலாம். உங்களிடம் கூடுவது கிழக்கே மனை 4-லிருந்து வந்திருக்கலாம். நடுவில் இருக்கும் உங்கள் அப்பாவின் வேலி மட்டும் சரியான இடத்தில் நிற்கலாம். கல்லைக் கண்டுபிடிக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

---

நித்தியகல்யாணி | திங்கள், காலை 11.00

நான் சிவில் வழக்கறிஞர். பொதுவான விளக்கம்தான் தருகிறேன், உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காவிரிக்கரை சொன்னதுபோல் இரவில் மூடுவது, தூண் நடுவது எல்லாம் உங்கள் வழக்கையே கெடுக்கும். போலீசுக்குப் போகலாம், ஆனால் அடிதடி வராமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. எல்லை எங்கே என்று தீர்மானிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. சர்வே கல்லையே பிடுங்கினால் அது குற்றம், அது தனி விஷயம்.

பட்டா கையில் இருப்பதால் நிலம் நம்முடையது என்று நினைக்கிறோம். பட்டா வருவாய்த் துறை ஆவணம். உரிமையை நிறுவுவது பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரமும்தான். பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், ஒன்று சொல்லி விஸ்தீரணம், அதாவது பரப்பளவு, இன்னொன்று சொன்னால், எல்லை தெளிவாக இருக்கும்பட்சத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் ஏற்கின்றன. மனைப்பிரிவில் இருப்பவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் மிக முக்கியம், அதன் நகலை முதலில் வாங்குங்கள்.

வழக்கு என்றே ஆகிவிட்டால், வெறும் தடையுத்தரவு கேட்டு மட்டும் போடுவதில் ஆபத்து இருக்கிறது. 2008-ல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமையிலேயே சிக்கல் இருந்தால் உரிமை விளம்புகையும் (நிலம் இன்னாருடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறது. இந்த மாதிரி வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9-ன் கீழ் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்பார்கள். அவர் சர்வேயரோடு நேரில் வந்து அளந்து அறிக்கை தருவார். அந்த அறிக்கையைச் சுற்றித்தான் பெரும்பாலும் வழக்கு ஓடும். அதே அளவையை வழக்குக்கு முன்பே சம்மதத்தோடு செய்துகொள்ள முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஒப்பந்தம் ஆகிவிட்டால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்படி அந்தத் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது.

---

கதியால்வேலி | திங்கள், பிற்பகல் 2.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட ஊரில் இதற்கு வேலிச் சண்டை என்றுதான் பெயர். மதில் வருவதற்கு முன் எல்லாக் காணிக்கும் கதியால் வேலிதான், கிளுவையும் பூவரசும். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியாலைக் கொஞ்சம் தள்ளி நட்டால் சில வருடத்தில் ஒரு முழம் வந்துவிடும். அதனால் வேலி அடைக்கிற நாளில் இரண்டு வளவுக்காரரும் கட்டாயம் நிற்பார்கள். அம்மம்மா பழைய கதியாலின் அடியைப் பிடுங்க விடமாட்டா. "அது நிக்கட்டும், பக்கத்தில புதுசு நடு" என்பா. இங்கே ஆட்சியுரிமைக்கு, அதாவது அனுபவித்து வந்தே காணி சொந்தமாவதற்கு, பத்து வருடம் போதும், உங்கள் ஊரில் எத்தனை?

---

நித்தியகல்யாணி | திங்கள், மாலை 6.10

பன்னிரண்டு. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம், அட்டவணையின் உறுப்பு 65. ஆனால் 12 வருடம் சும்மா இருந்தாலே சொந்தமாகிவிடும் என்பது தவறான எண்ணம். உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்ததாகச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அனுமதியோடு இருந்தால் அது எதிரிடை அனுபோகம் ஆகாது. இத்தனை நாள் இதைத் தற்காப்பாக மட்டும்தான் சொல்ல முடியும் என்ற கருத்து இருந்தது. 2019-ல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில், அப்படி உரிமை முற்றியவர் வாதியாகவும் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

---

கொய்யாமரம் | சனி, இரவு 8.45

இன்று அளந்தோம். மனை 2-க்காரரும் நானும் சேர்ந்து ஒரு தனியார் சர்வேயரை வைத்தோம், செலவில் பாதிப் பாதி. தாலுகாவுக்கும் மனு போட்டாயிற்று. மனை 1-ல் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரையும் மனை 4 பெரியம்மாவையும் வரச் சொல்லியிருந்தோம்.

மேற்கு மூலைக்கல் குறுக்குத் தெரு ஓரத்தில் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் இரண்டரை அடி ஆழத்தில் கிடைத்தது. தோண்டியவர்கள் மனை 2-க்கு வானம் தோண்டிய அதே ஆட்கள்தான். கிழக்கே கோயில் பக்கம் இருக்கும் கல் வெளியிலேயே தெரிகிறது. இரண்டிலிருந்தும் அளந்து வந்தார்கள்.

சங்கிலிக்காரன் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. மனை 1-ன் கிழக்குச் சுவர் 11 அங்குலம் மனை 2-க்குள் நிற்கிறது. வாத்தியார் 1998-ல் சுவர் கட்டும்போது மூலையில் விளக்குக் கம்பம் இருந்ததால் அதைத் தள்ளி ஆரம்பித்தார்களாம், ஆனால் 40 அடியை முழுதாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் தூண் குழி மனைப்பிரிவுக் கோட்டிலிருந்து ஒரு அங்குலம்தான் விலகியிருந்தது, அதுவும் எங்கள் பக்கமாக. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிழக்குச் சுவர் பெரியம்மாவின் மனைக்குள் 10 அங்குலம். ஆக, முக்கால் அடி கூடியது மேற்கேயிருந்து வந்ததில்லை.

மனை 2-க்காரர் வரைபடத்தை 39 அடிக்குள் மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்ட ஒரு அடியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை, பிடுங்கிய தூண்களை அவர் ஆட்களே பழைய குழியில் நட்டார்கள். வாத்தியாரிடம் பேச வேண்டியது அவர் பாடு. "மகனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னார். முகம் வாடியிருந்தது.

பெரியம்மாவிடம் நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அந்தச் சுவருக்குப் பதினாலு நாள் நான்தான்டா தண்ணி ஊத்துனேன், உங்க அப்பா வேலைக்குப் போயிடுவாரு" என்றார்.

---

காவிரிக்கரை | சனி, இரவு 9.05

2006 சுவர் என்றால் 12 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. கிழக்குப் பக்கம் உங்களுக்குச் சட்டப்படியே கிடைத்த மாதிரிதானே? ஏன் நீங்களாகப் போய்ச் சொல்கிறீர்கள்?

---

கொய்யாமரம் | சனி, இரவு 9.20

வெள்ளிக்கிழமை என் மண்ணில் ஒரு அடி போனபோது எனக்கு என்ன ஆயிற்று என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். பெரியம்மா தனியாக இருக்கிறார், மகள் கோயம்புத்தூரில். நாளைக்கு அந்த மகள் வீடு கட்ட வந்து டேப் பிடிக்கும்போது நான் எங்கே போய் நிற்பது?

சுவரை இடித்துத் தள்ளிக் கட்டுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, "அவ கட்டும்போது பாத்துக்கலாம்" என்கிறார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டுமா?

---

நித்தியகல்யாணி | சனி, இரவு 10.00

வெள்ளைத்தாளில் வேண்டாம். தாள் தொலைந்துபோகும், அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலும் போகும். சுவர் நிற்கும் 10 அங்குலம் மனை 4-ஐச் சேர்ந்தது, அவர் அனுமதியின் பேரில்தான் சுவர் நிற்கிறது, உரிமையாளர் கேட்கும்போது என் செலவில் அகற்றுவேன் என்று ஓர் உடன்படிக்கை எழுதி, அளவை வரைபடத்தை இணைத்துப் பதிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்று போட்டால் தெரியவேண்டும். மகளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மனை 2-க்காரருக்கு: 1998 சுவர் என்பதால் வாத்தியார் தரப்பு எதிரிடை அனுபோகம் பேச வாய்ப்பு உண்டு. விளக்குக் கம்பத்தால் தெரியாமல் நகர்ந்தது என்று அவரே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு மிரட்ட வேண்டாம், பேசுங்கள். அந்த 11 அங்குலத்துக்குக் கிரயம் பேசி முடித்துக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

மூன்றாம்கட்டு | சனி, இரவு 10.40

படித்து முடித்துவிட்டுச் சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். பல வருடம் கழித்து. சாக்கடை அடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆள் வைத்து எடுக்கலாமா என்று கேட்டேன். சரி என்றான்.

---

சங்கிலிக்காரன் | ஞாயிறு, காலை 6.15

கொய்யாமரம் தம்பி, மூலைக்கல் குழியை மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கல்லையும், அதிலிருந்து சிறுபாலத்தின் இரண்டு முனைகளுக்கும் டேப் பிடித்திருப்பதையும் அளவு தெரியும்படி படம் எடுங்கள். கோயில் சுவர் முனைக்கும் ஓர் அளவு எடுங்கள். மூன்று அளவும் பத்திரத்தோடு இருக்கட்டும். தெருவை மறுபடியும் உயர்த்திப் போடும்போது கல் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும், அப்போது தேடுகிறவருக்கு அந்த மூன்று எண் போதும். குழியில் கொஞ்சம் செங்கல் தூளும் அடுப்புக்கரியும் போட்டு மூடுங்கள். இருபது வருடம் கழித்துத் தோண்டினாலும் மண்ணின் நிறம் காட்டிக்கொடுக்கும். தாலுகா சர்வேயர் வரும் நாள் தெரிந்தால் இங்கே எழுதுங்கள். முடிந்தால் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.